வழக்கறிஞரின் கவனக்குறைவால் நஷ்டம்: வணிகர் செய்ய வேண்டியது என்ன?

மணலியில் கடை வைத்திருப்பவர்களுக்குக் கோர்ட் வாசல் புதிதல்ல. ஆலைகளில் வேலை எடுக்கும் கான்டிராக்டருக்குச் சிமெண்டும் கம்பியும் கடனுக்குக் கொடுக்கிறோம். லாரிக்காரருக்கு டயரும் உதிரி பாகமும் கொடுக்கிறோம். சில்லறைக் கடைக்காரருக்கு மூட்டை மூட்டையாக மளிகைச் சரக்கு அனுப்புகிறோம். அவர் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பி வருகிறது. வக்கீலிடம் போகிறோம். வக்காலத்தில் கையெழுத்துப் போடுகிறோம். பில், செக், பேங்க் மெமோ எல்லாவற்றையும் கொடுத்து, ஃபீஸும் கட்டிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம். கேஸ் நடக்கிறது என்ற நம்பிக்கையில் அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

பெரும்பாலான வழக்கறிஞர்கள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் சில வேளைகளில் கெடு தேதி தவறிப் போகிறது. வாய்தாவுக்கு ஆஜராகாமல் மனு தள்ளுபடியாகிறது. நமக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டதே, வாரண்ட்டோடு அமீனா வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது. அப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'வக்கீல் மேலேயே கேஸ் போட முடியுமா?'

முடியும். ஆனால் எங்கே போடுவது, எதை நிரூபிப்பது, அதற்கு முன் எதைச் செய்வது என்பவற்றில் நமக்குள் பல தவறான எண்ணங்கள் உள்ளன. 2024-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் நிலைமை பெரிதும் மாறியும் விட்டது. எனவே இதை முறையாகத் தெரிந்துகொள்வது நல்லது.

சென்னையில் நடந்த ஒரு வழக்கு

சட்டப் புத்தகங்களில் என்.பாலகிருஷ்ணன் எதிர் எம்.கிருஷ்ணமூர்த்தி என்று இடம்பெற்றுள்ள வழக்கு நம் ஊர் வழக்குதான். காலதாமதத்தை மன்னிப்பது பற்றி இந்தியா முழுவதும் இன்றும் எடுத்துக் காட்டப்படும் தீர்ப்பு அது.

சொத்துரிமை தொடர்பான வழக்கு ஒன்றில் பிரதிவாதிக்கு எதிராக 28-10-1991 அன்று ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டது. அதை ரத்து செய்யக் கோரி அவர் ஒரு வழக்கறிஞர் மூலம் மனுப் போட்டார். அந்த மனு ஆஜராகாத காரணத்தால் 17-2-1993 அன்று தள்ளுபடி ஆயிற்று. வழக்கறிஞர் இதைக் கட்சிக்காரருக்குச் சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தது. 5-7-1995 அன்று தீர்ப்பை நிறைவேற்றும் நடவடிக்கையில் அவருக்குச் சம்மன் வந்தது. பதறிப்போய் அதே வழக்கறிஞரிடம் ஓடினார். வழக்கறிஞர் புதிய வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார், செலவுக்கு ரூ.2,000-மும் பெற்றுக்கொண்டார். ஆனால் அங்கும் எதுவும் செய்யவில்லை. 4-8-1995 அன்று வாரண்ட் பிறப்பிக்கப்பட்ட பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. நேரே நீதிமன்றத்துக்குப் போய் விசாரித்தார். அப்போதுதான் மனு 1993-லேயே தள்ளுபடியான செய்தி தெரிந்தது. இதற்கிடையில் அந்த வழக்கறிஞர் தொழிலையே விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

அவர் இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, 19-8-1995 அன்று, வாரண்ட் பிறந்த 15-ஆம் நாளே, தள்ளுபடி உத்தரவை நீக்கக் கோரி மனுப் போட்டார். சட்டம் தரும் 30 நாள் கெடு போக 883 நாள் தாமதம். இரண்டு, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் அந்த வழக்கறிஞர் மீது ஒரு லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கேட்டுப் புகார் கொடுத்தார். அந்த மன்றம் ரூ.50,000 நஷ்ட ஈடும் ரூ.500 செலவுத் தொகையும் தரும்படி உத்தரவிட்டது.

தாமதத்தை விசாரணை நீதிமன்றம் மன்னித்தது; உயர்நீதிமன்றம் மறுத்தது; கடைசியில் 3-9-1998 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் மன்னித்தது. எத்தனை நாள் தாமதம் என்பது முக்கியமல்ல, அதற்குச் சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்று அந்தத் தீர்ப்பு கூறியது. கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தது. வழக்கறிஞரிடமிருந்து நஷ்ட ஈடு பெற்றவர் என்பதால், இத்தனை காலம் காத்திருந்த எதிர்த்தரப்புக்கு ரூ.10,000 கொடுக்க வேண்டும் என்றது.

இந்த வழக்கில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. முதலாவது, அவர் வக்கீல் மீதுள்ள கோபத்தில் மூல வழக்கை மறந்துவிடவில்லை. இரண்டாவது, அவர் நஷ்ட ஈடு வாங்கிய வழி இன்று நமக்கு இல்லை.

முதலில் மூல வழக்கைக் காப்பாற்றுங்கள்

தவறு நடந்திருப்பது தெரிந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை வக்கீலோடு சண்டை போடுவதல்ல. வேறொரு வழக்கறிஞரை அமர்த்தி, நம் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதுதான். உத்தரவுகளின் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போட வேண்டும். இங்கே ஒவ்வொரு நாளும் கணக்கில் வரும்.

எது மீளும், எது மீளாது என்பதை நாம் அறிந்திருப்பது அவசியம். காலவரம்புச் சட்டம் 1963-இன் 5-வது பிரிவு, மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும் ஏற்பட்ட தாமதத்தைத் தக்க காரணம் இருந்தால் மன்னிக்க இடம் தருகிறது. ஆனால் புதிதாகப் போட வேண்டிய சிவில் வழக்குக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. சரக்குக் கொடுத்த பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டு காலம் உண்டு. கடன்காரர் கெடுவுக்குள் எழுத்தில் பாக்கியை ஒப்புக்கொண்டிருந்தால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். அதுவும் இல்லாமல் கெடு தாண்டிவிட்டால், நம் மீது எத்தனை நியாயம் இருந்தாலும், தவறு வக்கீலுடையதாகவே இருந்தாலும், அந்தப் பாக்கிக்கு வழக்கு இல்லை.

செக் வழக்கின் கெடுக்கள் இன்னும் குறுகியவை. ஓர் உதாரணம் பார்ப்போம். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து மார்ச் 3 அன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 2-க்குள், நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கடன்காரர் கைக்கு ஏப்ரல் 7 அன்று கிடைத்தால், பணம் கட்ட அவருக்கு ஏப்ரல் 22 வரை 15 நாள் அவகாசம். கட்டாவிட்டால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள், மே 23-க்குள், நீதிமன்றத்தில் புகார் தாக்கலாக வேண்டும். இந்தக் கடைசிக் கெடு தவறினால் தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். 2002-ஆம் ஆண்டு திருத்தம் அதற்கு வழி செய்துள்ளது. ஆனால் முதல் கெடுவான 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பத் தவறினால் அதற்கு இந்த மன்னிப்பு இல்லை.

செக் வழக்குப் போய்விட்டால் கடனே போய்விட்டது என்று சிலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அது சரியல்ல. மூன்று ஆண்டு முடியாதவரை அதே பாக்கிக்குச் சிவில் நீதிமன்றத்தில் வசூல் வழக்குப் போடலாம்.

'வக்கீல் செய்த தவறுக்கு நான் என்ன செய்வேன்?' என்றால் நீதிமன்றம் கேட்குமா? 1981-இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் உச்சநீதிமன்றம் கேட்டது. வக்கீலை அமர்த்தி, ஃபீஸ் கொடுத்து, சொன்னதைச் செய்த கிராமத்துக் கட்சிக்காரர், வக்கீல் வராத குற்றத்துக்காகத் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்றது. ஆனால் 1993-இல் சலில் தத்தா வழக்கில் அதே நீதிமன்றம், இது எல்லாருக்கும் பொருந்தும் விதியல்ல என்று கூறிவிட்டது. அந்த வழக்கின் கட்சிக்காரர் நகரத்திலேயே அலுவலகம் உள்ள ஒரு கம்பெனி. விவரம் தெரியாத கிராமத்தவர் என்ற சலுகை அதற்குக் கிடைக்கவில்லை. ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்து, பேங்க்கில் ஓ.டி. வைத்து, தினமும் வரவு செலவு பார்க்கும் வணிகரான நாமும் 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கட்டைத் தர மறுத்தால்

வக்கீலை மாற்றும்போது, 'பாக்கி ஃபீஸ் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன்' என்ற பேச்சு சில இடங்களில் எழும். இதற்கு 2000-ஆம் ஆண்டு ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்சநீதிமன்றம் முடிவு கட்டியது. போபாலில் ஒரு கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகர், தமக்கு ரூ.97,100 ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வங்கியின் கேஸ் கட்டுகளை நிறுத்தி வைத்தார். ஃபீஸுக்காகக் கட்டைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்குக் கிடையாது, ஃபீஸ் பாக்கிக்குச் சட்டப்படி தனியே வழிதேட வேண்டும் என்று தீர்ப்பானது. கட்டைத் தர மறுப்பதே தொழில் ஒழுங்கீனம். பழைய வக்கீல் வக்காலத்தை விட்டுக்கொடுக்க மறுத்தால் நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுப் புதியவரை அமர்த்தலாம். அதற்காக நியாயமான ஃபீஸ் பாக்கியை நாம் கொடுக்காமல் விடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் சரக்குக்கு நாம் பணம் கேட்பது போலத்தான் அதுவும்.

நுகர்வோர் மன்றக் கதவு மூடிவிட்டது

1990-களில் சென்னை வடக்கு மன்றம் நஷ்ட ஈடு கொடுத்ததுபோல் வேறு இடங்களிலும் வக்கீல்கள் மீது நுகர்வோர் புகார்கள் போயின. டில்லியில் ஒருவர் ரூ.20,000 செக் வழக்குக்காக வழக்கறிஞரை அமர்த்தினார். எதிர்த்தரப்பு செக் தொகையும், செலவுக்கு ரூ.5,000-மும் தர ஒப்புக்கொண்டது. வக்கீல் அவற்றைப் பெற்றுக்கொண்டு தம்மிடம் உடனே தரவில்லை என்பது கட்சிக்காரரின் புகார். மாவட்ட மன்றம் புகாரை ஏற்றது. மாநில ஆணையம் மறுத்தது. 2007-இல் தேசிய ஆணையம், வழக்கறிஞர் தொழிலும் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்றது. வழக்கறிஞர் அமைப்புகள் உச்சநீதிமன்றம் சென்றன. 2009-இல் தடை உத்தரவு வந்தது.

கடைசியில் 14-5-2024 அன்று நீதிபதிகள் பேலா எம்.திரிவேதி, பங்கஜ் மித்தல் ஆகியோர் தீர்ப்பளித்தனர். வழக்கறிஞர் மீது சேவைக் குறைபாடு என்று சொல்லி நுகர்வோர் மன்றத்தில் புகார் செய்ய முடியாது என்பதே தீர்ப்பு. காரணம் என்ன? வழக்கறிஞர் கட்சிக்காரரின் பிரதிநிதி. கட்சிக்காரர் சொல்லாமல் அவர் வழக்கை ராஜி செய்ய முடியாது. எதைச் செய்வது என்பதில் கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாடு பெருமளவு இருக்கிறது. ஆகவே இது தனிப்பட்ட பணி ஒப்பந்தம். அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நுகர்வோர் சட்டமே 'சேவை' என்பதிலிருந்து விலக்கி வைத்துள்ளது என்று நீதிமன்றம் விளக்கியது.

இத்தீர்ப்பைப் படித்துவிட்டு, 'இனி வக்கீலை எதுவும் செய்ய முடியாது' என்று சிலர் பேசுகிறார்கள். அது தவறு. தொழில் செய்பவர்கள் தங்கள் ஒழுங்கீனத்துக்கும் தவறான செயலுக்கும் வழக்கைச் சந்திக்க வேண்டியவர்கள்தான் என்பதை அதே தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது. மூடியது நுகர்வோர் மன்றக் கதவு மட்டுமே.

நுகர்வோர் மன்றத்தில் வழக்கு நடத்திக் காலம் கழிந்தவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தவறான மன்றத்தில் நல்லெண்ணத்துடன் செலவிட்ட காலத்தைக் காலவரம்புச் சட்டம் 14-வது பிரிவின்படி கழித்துக்கொள்ளும்படி சிவில் நீதிமன்றத்தில் கேட்கலாம். நுகர்வோர் மன்றத்தில் கழிந்த காலத்துக்கும் இது பொருந்தும் என்பதைக் கோவை பி.எஸ்.ஜி. நிறுவனம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1995-லேயே உச்சநீதிமன்றம் கூறியுள்ளது.

சிவில் நீதிமன்ற வழி

வக்கீல் மீது வழக்குப் போடலாம் என்பதற்கு ஆதாரம் பழைய சட்டம் ஒன்றில் இருக்கிறது. 1926-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கட்டணச் சட்டம் 5-வது பிரிவு, வழக்கறிஞர் என்ற ஒரே காரணத்தால் தம் தொழில் கடமையில் செய்த கவனக்குறைவுக்கான வழக்கிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை என்கிறது. 1988-இல் எம்.வீரப்பா வழக்கில் உச்சநீதிமன்றம் இந்தச் சட்டத்தை எடுத்துக் காட்டியது. இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர்களுக்கு இப்படிப்பட்ட வழக்கிலிருந்து பாதுகாப்பு இருந்தது. அங்கேயே 2000-ஆம் ஆண்டில்தான் அது நீக்கப்பட்டது. நம் நாட்டில் 1926-லேயே சட்டம் எழுதிவிட்டார்கள்.

வீரப்பா வழக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. வழக்குப் போட்டவர் இடையில் இறந்துவிட்டால் வாரிசுகள் தொடரலாமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. தனிப்பட்ட தீங்குக்கான வழக்காக மட்டும் இருந்தால் அது அவரோடு முடிந்துவிடும். ஒப்பந்த மீறலால் சொத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் என்றிருந்தால் தொடரலாம். எனவே பிராதில் 'ஃபீஸ் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொண்ட வேலையைச் செய்யவில்லை, அதனால் என் வியாபாரத்துக்கு இத்தனை ரூபாய் நஷ்டம்' என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். குடும்பத் தொழில் செய்யும் நமக்கு இது சிறிய விஷயமல்ல.

இவ்வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு கெடு. தவறு நடந்த நாளிலிருந்தா, தெரிந்த நாளிலிருந்தா என்பதில் வாதம் எழும். நடந்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து மூன்று சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஐந்து லட்சம் ரூபாய் கேட்டால் ரூ.15,000 கட்ட வேண்டும். கேட்கும் தொகையை ஆத்திரத்தில் ஏற்றி எழுதினால் கட்டணமும் ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

தோற்பது வேறு, கவனக்குறைவு வேறு

வழக்குத் தோற்றுவிட்டது என்பதற்காக வக்கீல் மீது பாய முடியாது. இரண்டு பக்கமும் வக்கீல் இருக்கும்போது ஒருவர் தோற்றே ஆக வேண்டும். எந்த வழக்கறிஞரும் கட்டாயம் வெற்றி பெற்றுத் தருவேன் என்று உறுதி கொடுப்பதில்லை. தமக்குத் தொழிலில் வேண்டிய திறமை உண்டு, அதை நியாயமான கவனத்தோடு பயன்படுத்துவேன் என்பதே அவர் தரும் உறுதி. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்சநீதிமன்றம் இதை விளக்கியது. எந்தச் சாட்சியைக் கூப்பிடுவது, எந்த வாதத்தை முன்வைப்பது என்பதெல்லாம் அவருடைய முடிவு. அந்த முடிவு பலிக்காமல் போனால் அது கவனக்குறைவு ஆகாது.

கெடுவைத் தவறவிடுவது, வாய்தாவுக்குத் தகவலின்றி வராதது, தள்ளுபடியை மறைப்பது, போடாத வழக்கைப் போட்டதாகச் சொல்வது, கொடுத்த அசல் பத்திரத்தைத் தொலைப்பது, நம்மைக் கேட்காமல் ராஜி பேசுவது: இவைதான் கேள்வி கேட்க வேண்டியவை.

கவனக்குறைவை நிரூபித்துவிட்டால் மட்டும் போதாது. அதனால் நஷ்டம் வந்தது என்பதையும் காட்ட வேண்டும். இங்கேதான் பல வழக்குகள் விழுந்துவிடும். வக்கீல் ஒழுங்காக நடத்தியிருந்தால் மூல வழக்கில் நாம் ஜெயித்திருப்போமா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆக, ஒரு வழக்குக்குள் இன்னொரு வழக்கை நடத்த வேண்டியிருக்கும்.

உதாரணத்துக்கு, ரூ.4,80,000 பாக்கிக்கு வசூல் வழக்கு கெடு தாண்டிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். டெலிவரி சலான், கையெழுத்துள்ள பில், கணக்குப் புத்தகம், ஜி.எஸ்.டி. பில் எல்லாம் சரியாக இருந்தால், அந்தக் கடனை நாம் நிரூபித்திருப்போம் என்று சொல்லலாம். சரக்குத் தரமில்லை என்று அவர் எழுதிய கடிதம் ஒன்று இருந்தால் கணக்கு மாறும். கடன்காரர் ஏற்கனவே கடையை மூடி, சொத்து எதுவும் இல்லாமல் போயிருந்தால், தீர்ப்பு வாங்கியிருந்தாலும் ஒரு பைசா வந்திருக்காது என்று எதிர்த்தரப்பு வாதாடும். நஷ்ட ஈடு வக்கீலுக்குத் தண்டனையாகக் கொடுக்கப்படுவதல்ல. அவர் தவறால் நாம் இழந்தது எவ்வளவோ, அதை ஈடுகட்டத்தான்.

பார் கவுன்சில் எதற்கு?

நஷ்டத்தைத் திரும்பப் பெறுவதற்கும், தவறு செய்தவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதற்கும் வழிகள் வெவ்வேறு. ஒழுங்கு நடவடிக்கைக்கு உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் செய்ய வேண்டும். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் 35-வது பிரிவின்படி கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பெயரையே பட்டியலிலிருந்து நீக்கலாம். ஓர் ஆண்டுக்குள் முடிக்காத நடவடிக்கை இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். முடிவில் குறை இருந்தால் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அதன் பின் உச்சநீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு உண்டு.

ஆனால் இந்த வழிக்கும் எல்லை உண்டு. சென்னை நகர சிவில் நீதிமன்றங்களில் அரசு வழக்கறிஞராக இருந்த ஒருவர் மீதான வி.பி.குமாரவேலு வழக்கில், 1997-இல் உச்சநீதிமன்றம் பார் கவுன்சிலின் முடிவை ரத்து செய்தது. ஒழுக்கக்கேடு கலவாத வெறும் கவனக்குறைவைத் தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட முடியாது என்பது அதன் சாரம். பொய் சொன்னார், பணத்தைத் தராமல் வைத்துக்கொண்டார், எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டார் என்பவை பார் கவுன்சிலுக்கு உரியவை. மறதியால் நேர்ந்த தவறுக்குச் சிவில் வழக்கே வழி.

போலீஸ் புகார் இன்னும் குறுகிய வழி. நமக்கு வந்த பணத்தை வக்கீல் தமதாக்கிக்கொண்டார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் நம்பிக்கை மோசடி என்று பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவின் கீழ் புகார் செய்யலாம். தவறான கருத்துரை கொடுத்தார் என்பதற்காக மட்டும் குற்ற வழக்கு நிற்காது. வீட்டுக் கடனுக்குப் போலிப் பத்திரங்களைச் சரி என்று எழுதிக் கொடுத்த ஐதராபாத் வங்கி வக்கீல் கே.நாராயண ராவ் மீதான சி.பி.ஐ. வழக்கு, அவர் சதியில் பங்கு கொண்டதற்கு ஆதாரம் இல்லாததால் 2012-இல் உச்சநீதிமன்றத்தில் தள்ளுபடியானது.

நாம் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கங்கள்

மேலே சொன்ன எல்லா வழிக்கும் தேவை ஆதாரம். சரக்குக்குச் சலான் வாங்கும் நாம், வக்கீலிடம் அசல் செக்கை வெறுங்கையோடு கொடுத்துவிட்டு வருகிறோம். கீழ்க்கண்டவற்றை உறுப்பினர்கள் இன்றே தொடங்கலாம்.

1. கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் பட்டியல் எழுதி, வக்கீல் அல்லது குமாஸ்தாவிடம் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. ஃபீஸைக் கூடியவரை பேங்க் வழியாகக் கொடுத்து ரசீது கேளுங்கள். 'வசூலாவதில் இத்தனை சதவீதம்' என்ற ஏற்பாடு வேண்டாம். பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன. 2017-இல் பி.சுனிதா வழக்கில், அப்படிச் சதவீதக் கணக்கில் வாங்கிய செக்கை வைத்து வக்கீல் போட்ட வழக்கை உச்சநீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

3. வழக்கின் கெடு தேதியை நம் நாட்குறிப்பிலும் எழுதி வையுங்கள். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே 'தாக்கல் ஆயிற்றா?' என்று எழுத்தில் கேளுங்கள். போனில் பேசியதை மறுக்கலாம். அனுப்பிய செய்தி நிற்கும்.

4. தாக்கலானதும் வழக்கு எண்ணோடு 16 இலக்கமுள்ள சி.என்.ஆர். எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா என்று, சென்ற வாய்தாவில் என்ன நடந்தது என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். எண் தராமல் நாள் கடத்தினால் வழக்கே தாக்கலாகவில்லையோ என்று சந்தேகிக்க வேண்டும்.

5. எழுதாத வெள்ளைத் தாளிலும், படிக்காத ராஜி மனுவிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

6. கடையோ வீடோ மாறினால், போன் எண் மாறினால், வக்கீலுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். நம்மைத் தேட முடியவில்லை என்ற பதிலுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

பாலகிருஷ்ணன் வழக்கில் 1993 பிப்ரவரியில் தள்ளுபடியான மனு 1995 ஆகஸ்டில்தான் அவருக்குத் தெரிந்தது. அன்று விவரம் அறிய வக்கீலை விட்டால் கோர்ட்டுக்கே நேரில் போய்த்தான் விசாரிக்க வேண்டும். திருவொற்றியூரோ, பொன்னேரியோ, பாரிமுனையோ, ஒரு நாள் கடையைப் போட்டுவிட்டுப் போக யாருக்கு முடியும்? இன்று அந்தக் கஷ்டம் இல்லை. மாதம் ஒருமுறை ஸ்டாக் எடுக்கும் நாளில், நம் வழக்குகளையும் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

நல்ல வழக்கறிஞர் இப்படிக் கேட்பதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். தேதி கேட்கும் கட்சிக்காரர் அவருக்கும் பாதுகாப்புத்தான். கேட்டதற்கே கோபிக்கிறார் என்றால், கெடு முடிவதற்குள் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்வது நல்லது. நஷ்ட ஈட்டு வழக்கில் ஜெயிப்பதைவிட, அந்த வழக்கே தேவைப்படாமல் பாக்கி வசூலாவதுதான் வியாபாரிக்கு லாபம்.